ஒலியை முடக்கிக் கோளாறைக் கண்டுபிடிப்பது: கிராஷ் ஆகும் மென்பொருளும் சவுண்ட் டிரைவரும்

காரணம் பிடிபடாமல் அடிக்கடி கிராஷ் ஆகும் மென்பொருளைச் சோதிக்கும் வழிகளில், கணினியின் ஒலி வன்பொருளைத் தற்காலிகமாக முடக்கிப் பார்ப்பது மிக எளிமையானது. காசு செலவில்லை, எதையும் கழற்ற வேண்டியதில்லை, எதையும் அழிக்க வேண்டியதில்லை. சோதித்து முடித்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். இருந்தும் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. விளையாட்டு பாதியில் மூடிக்கொண்டால் பழி கிராபிக்ஸ் கார்டு மேல் விழுகிறது. அலுவலக மென்பொருள் உறைந்து நின்றால் ரேம் போதவில்லை என்று முடிவாகிறது. அதுவும் பலிக்காதபோது விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். ஒலிக்கும் கிராஷுக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். சம்பந்தம் உண்டு, அதுவும் நெருக்கமான சம்பந்தம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒலியை முடக்குவது கோளாறைச் சரிசெய்யும் வழி அல்ல, கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணினியிடம் கேட்கும் கேள்வி. கேள்வியைச் சரியாகக் கேட்டு, பதிலைச் சரியாகப் படித்தால்தான் பலன் உண்டு.

ஒலி எப்படி ஒரு மென்பொருளைக் கவிழ்க்கிறது?

ஒரு விளையாட்டோ வீடியோ கூட்ட மென்பொருளோ தொடங்கிய சில நொடிகளுக்குள், கணினியில் என்னென்ன ஒலிச் சாதனங்கள் உள்ளன என்று விசாரிக்கிறது. எது இயல்பான சாதனம், அதில் எத்தனை சேனல், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ப நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. பிறகு அந்த இடத்தை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 48,000 ஹெர்ட்ஸில் ஓடும் ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 96,000 எண்கள் தேவை. விண்டோஸ் வழக்கமாக 10 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த துணுக்கைக் கேட்கிறது, அதாவது நொடிக்கு 100 முறை. பயனர் எதையும் அழுத்தாதபோதும், திரையில் எதுவும் அசையாதபோதும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை. பிழை நுழைய இதில் பல வாசல்கள் உண்டு.

முதல் வாசல் டிரைவர். சவுண்ட் சிப்பை இயக்கும் டிரைவரின் முக்கியப் பகுதி இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே தவறு நேர்ந்தால் ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்வதில்லை, நீலத்திரை வந்து மொத்தக் கணினியும் நின்றுவிடும்.

இரண்டாவது, மென்பொருளின் உள்ளேயே வந்து உட்காரும் அந்நியக் கோப்புகள். இசைப்பதிவு மென்பொருள்கள் பயன்படுத்தும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர்கள், படங்களை ஓட்டப் பயன்படும் கோடெக்குகள், விளையாட்டு ஒலியை மெருகேற்றுவதாகச் சொல்லும் துணை மென்பொருள்கள் ஆகியவை ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நினைவகப் பரப்புக்குள்ளேயே ஏற்றப்படலாம். அவற்றில் ஒன்று தடுமாறினாலும் மூடிக்கொள்வது அந்த மென்பொருள்தான். பயனர் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிவதும் அதுவே.

மூன்றாவது, எதிர்பாராத அமைப்பு. இயல்பான ஒலி வடிவம் 192 கிலோஹெர்ட்ஸ் என்றோ எட்டுச் சேனல் என்றோ இருந்தால், அதை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட பழைய மென்பொருள் தவறான அளவில் இடம் ஒதுக்கி விழுந்துவிடலாம். 2011இல் வெளியான ஸ்கைரிம் விளையாட்டு தொடக்கத்திலேயே மூடிக்கொண்டபோது, ஒலி வடிவத்தை 44,100 ஹெர்ட்ஸுக்கு இறக்குவது பலருக்கும் கைகொடுத்த தீர்வாக இருந்தது.

நான்காவது, நடுவழியில் காணாமல் போகும் சாதனம். ப்ளூடூத் ஹெட்செட் பாட்டுக்கு ஒரு முறையிலும், மைக் திறந்ததும் தொலைபேசிப் பேச்சுக்கான வேறு முறையிலும் இயங்குகிறது. அந்த மாற்றத்தின்போது பழைய ஒலிப்பாதை செல்லாததாகிவிடலாம். 'நீங்கள் பிடித்திருந்த சாதனம் இனி இல்லை' என்று விண்டோஸ் சொல்லும்போது அதைக் கையாளத் தெரியாத மென்பொருள் அங்கேயே நின்றுவிடும்.

பழைய உத்திதான்

இந்தச் சோதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் 1989இல் வந்தது. டாஸ் காலத்தில் ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்கும் ஒரு முகவரி, ஓர் ஐ.ஆர்.க்யூ. எண், ஒரு டி.எம்.ஏ. எண் ஆகியவற்றைப் பயனரே ஒதுக்க வேண்டும். ஐ.ஆர்.க்யூ. என்பது வன்பொருள் தன் பக்கம் கவனம் கோரும் கம்பி. பிரிண்டர் போர்ட்டுக்கு வழக்கமாக 7ஆம் எண். சவுண்ட் கார்டும் அதே 7இல் இருந்தால் மோதல் வரும், விளையாட்டு உறைந்து நிற்கும். அந்தக் கால விளையாட்டுகளின் செட்டப் திரையில் 'நோ சவுண்ட்' என்றொரு தேர்வு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து விளையாட்டு ஓடினால் மோதல் ஒலிப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இதே வேலையை டைரக்ட்எக்ஸ் பரிசோதனைக் கருவி செய்தது. அதன் ஒலிப் பக்கத்தில் வன்பொருள் வேகமூட்டலை நான்கு படிகளில் குறைக்கும் ஸ்லைடர் ஒன்று இருந்தது. விளையாட்டு கிராஷ் ஆனால் அதை ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்க்கச் சொல்வது அப்போதைய வழக்கமான அறிவுரை.

2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா ஒலி அமைப்பைத் திருப்பி எழுதியது. ஒலியைக் கலக்கும் வேலையில் பெரும்பகுதி கெர்னலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, 'விண்டோஸ் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசொலேஷன்' என்ற தனி இயக்கத்துக்குள் வைக்கப்பட்டது. பிற நிறுவனங்கள் எழுதிய ஒலி மெருகூட்டல் துண்டுகள் விழுந்தாலும் விண்டோஸின் ஒலிச் சேவை விழாமல் இருப்பதே நோக்கம். இன்றைய டாஸ்க் மேனேஜரிலும் அந்தப் பெயரைக் காணலாம். நீலத்திரைகள் இதனால் குறைந்தன, ஆனால் மேலே சொன்ன மற்ற வாசல்கள் மூடப்படவில்லை.

முடக்கும் முன் பதிவைப் படிக்க வேண்டும்

சோதனையில் இறங்கும் முன், கணினியே எழுதிவைத்திருக்கும் வாக்குமூலத்தைப் பார்ப்பது நல்லது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ஈவென்ட் வியூவர் இருக்கும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. சிவப்புக் குறியுடன், 'அப்ளிகேஷன் எர்ரர்' என்ற மூலத்தோடு, 1000 என்ற எண்ணுள்ள பதிவுதான் தேட வேண்டியது. மென்பொருள் மூடிக்கொள்ளாமல் உறைந்து நின்றிருந்தால் எண் 1002.

அந்தப் பதிவைத் திறந்தால் முதல் வரியில் விழுந்த மென்பொருளின் பெயரும், அடுத்து 'ஃபால்டிங் மாட்யூல்' என்ற தலைப்பில் ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். விழுந்த கணத்தில் ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கோப்புதான். அது ரியல்டெக், கிரியேட்டிவ் போன்ற ஒலி நிறுவனத்துடையதாகவோ, ஏதாவது ஒலி மெருகூட்டியின் கோப்பாகவோ இருந்தால் சந்தேகத்துக்கு வலு கூடுகிறது. கோப்பின் முழுப் பாதையும் அதே பதிவில் கீழே இருப்பதால், பெயர் புரியாவிட்டாலும் எந்த நிறுவனத்தின் ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். விண்டோஸின் சொந்த அடிப்படைக் கோப்பின் பெயர் வந்தால் உடனே விண்டோஸைக் குறைசொல்ல வேண்டியதில்லை. கேடு விளைந்தது வேறெங்கோ இருக்கலாம், வெளிப்பட்டது மட்டும் அங்கே.

ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற இன்னொரு கருவி, எந்த நாளில் எது கிராஷ் ஆனது, எந்த நாளில் எந்த டிரைவர் புதிதாக வந்தது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டும். ஒலி டிரைவர் புதுப்பிக்கப்பட்ட நாளுக்குப் பிறகே சிவப்புக் குறிகள் தொடங்கியிருந்தால் அது முக்கியமான தடயம்.

முடக்கும் படிகள்

ஒலியை நிறுத்த ஒரே ஒரு வழிதான் என்றில்லை. ஒவ்வொரு படியும் ஒலிப் பாதையில் வேறொரு பகுதியை விலக்குகிறது என்பதால், மேலோட்டமானதிலிருந்து ஆழமானதை நோக்கிப் போக வேண்டும்.

முதல் படி மென்பொருளுக்குள்ளேயே ஒலியை அணைப்பது. விளையாட்டு நிறுவனமான வால்வின் சோர்ஸ் எஞ்சினிலும் அன்ரியல் எஞ்சினிலும் 'நோசவுண்ட்' என்ற தொடக்கக் கட்டளை உண்டு. வி.எல்.சி. பிளேயரில் ஒலி வெளியீட்டையே இல்லாமல் செய்ய அமைப்பு இருக்கிறது. ஒலி அளவைப் பூஜ்யமாக்குவது இதற்குச் சமமல்ல. அளவைக் குறைத்தாலும் ஒலிப் பாதை முழுவதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது படி மெருகூட்டலை அணைப்பது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உரிய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்ற தேர்வு வரும், அதை 'ஆஃப்' செய்யலாம். அதே பக்கத்தில் ஒலி வடிவத்தை 48,000 அல்லது 44,100 ஹெர்ட்ஸுக்கு இறக்கவும் முடியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றிச் சோதித்த பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும்.

மூன்றாவது படிதான் மையமானது: டிவைஸ் மேனேஜர். கிராஷ் ஆகும் மென்பொருளை முதலில் மூடிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனத்தைப் பறித்தால் அதனாலேயே மென்பொருள் விழலாம், சோதனை குழம்பிவிடும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற வரி இருக்கும். அதை விரித்தால் பல கணினிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரும்: மதர்போர்டில் உள்ள ரியல்டெக் சிப், கிராபிக்ஸ் கார்டு வழியாக மானிட்டருக்குப் போகும் என்விடியா அல்லது ஏ.எம்.டி. ஒலி, யு.எஸ்.பி. ஹெட்செட், வெப்கேமராவின் மைக். ஒவ்வொன்றின் மீதும் வலது கிளிக் செய்து 'டிசேபிள் டிவைஸ்' கொடுக்க வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாத கணக்கில் இது முடியாது. முடக்கப்பட்ட சாதனத்தின் படத்தின் மேல் கீழ்நோக்கிய சிறிய அம்புக்குறி தோன்றும். ரீஸ்டார்ட் கேட்டால் செய்துவிடுவது நல்லது.

இங்கே பலர் ரியல்டெக்கை மட்டும் முடக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்போது விண்டோஸ் சத்தமில்லாமல் மானிட்டர் ஒலிக்கு மாறிவிடும், மென்பொருளுக்கு ஒலிச் சாதனம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். முதல் சுற்றில் எல்லாவற்றையும் முடக்கி, கோளாறு நின்றால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே ஒழுங்கான முறை. அருகிலேயே இருக்கும் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' வேறு வேலை செய்கிறது. ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அந்தச் சாதனத்தைக் கண்டுபிடித்து மறுபடி நிறுவிவிடும் என்பதால் சோதனைக்கு அது உதவாது.

கூட்டத்தில் சேரும்போதோ குரல் பதிவு தொடங்கும்போதோ மட்டும் கிராஷ் வந்தால், 'ஆடியோ இன்புட்ஸ் அண்ட் அவுட்புட்ஸ்' என்ற வரியில் மைக்கை மட்டும் முடக்கிப் பார்ப்பது போதும்.

நான்காவது படி, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸ். டிவைஸ் மேனேஜர் டிரைவரை நிறுத்துகிறதே தவிர, சிப் மதர்போர்டில் இருக்கிறது என்பதை மறைப்பதில்லை. பயாஸில் 'ஆன்போர்டு ஆடியோ', 'எச்.டி. ஆடியோ கன்ட்ரோலர்', சில போர்டுகளில் 'அஸாலியா' என்ற பெயரில் உள்ள வரியை 'டிசேபிள்டு' ஆக்கினால், அந்தச் சிப் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. கணினி தொடங்கும்போதே நீலத்திரை வந்து டிவைஸ் மேனேஜர் வரை போக முடியாத நிலையில் இது பெரிதும் கைகொடுக்கும்.

எத்தனை முறை சோதிக்க வேண்டும்?

திறந்தவுடன் ஒவ்வொரு முறையும் கிராஷ் ஆகும் மென்பொருளுக்கு ஒரே சோதனை போதும். எப்போதாவது விழும் மென்பொருளில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. மூன்று முறை திறந்தால் சராசரியாக ஒருமுறை விழும் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். எதையுமே மாற்றாமல் விட்டாலும், அது தொடர்ந்து மூன்று முறை விழாமல் ஓட 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒலியை முடக்கிவிட்டு மூன்று முறை ஓடியதைப் பார்த்து 'பிடித்துவிட்டேன்' என்று முடிவு செய்தால் அது வெறும் தற்செயலாக இருக்கக்கூடும். தொடர்ந்து பத்து முறை விழாமல் ஓடினால் தற்செயலின் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது.

அதோடு, சாதனத்தை மறுபடி இயக்கியதும் கிராஷ் திரும்பி வருகிறதா என்று பார்க்காமல் சோதனை முடிவதில்லை. முடக்கினால் நிற்கிறது, இயக்கினால் வருகிறது, மறுபடி முடக்கினால் நிற்கிறது என்ற வரிசை கிடைத்தால்தான் அது ஆதாரம்.

பதிலைப் படிக்கும் முறை

கிராஷ் நின்றுவிட்டால் கோளாறு ஒலிப் பாதையில் எங்கோ இருக்கிறது என்று பொருள். டிரைவர்தான் குற்றவாளி என்று அது இன்னும் நிரூபிக்கவில்லை. அடுத்த கேள்வி டிரைவரா, மென்பொருளா என்பது. சாதனத்தை இயக்கிவிட்டு, நிறுவனத்தின் டிரைவருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் பொதுவான 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியிலேயே உள்ள பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியில் போனால் பெரும்பாலான கணினிகளில் அது கிடைக்கும். அதில் நன்றாக ஓடினால் பழி நிறுவனத்தின் டிரைவருக்கு. அதிலும் விழுந்தால் சந்தேகம் மென்பொருளின் சொந்த ஒலிப் பகுதி, கோடெக், ஒலி வடிவம் ஆகியவற்றின் பக்கம் திரும்புகிறது. வேறொரு யு.எஸ்.பி. ஹெட்செட்டைச் செருகி, அதை மட்டும் இயக்கிப் பார்ப்பதும் இதே கேள்விக்கு விடை தரும்.

கிராஷ் தொடர்ந்தால் ஒலி வன்பொருளும் அதன் டிரைவரும் பெரும்பாலும் விடுவிக்கப்படுகின்றன. கிராபிக்ஸ் டிரைவர், ரேம் என்று அடுத்த இடத்துக்கு நகரலாம். ஒலி நிறுவனத்தின் துணை மென்பொருள்கள் மட்டும் இந்த விடுதலையில் அடங்காது. சாதனம் முடங்கியிருக்கும்போதும் பின்னணிச் சேவைகளாக ஓடி மற்ற மென்பொருள்களுக்குள் நுழைய அவற்றால் முடியும். அவற்றைத் தனியே நிறுத்தியோ நீக்கியோ பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, பழைய கிராஷ் போய்ப் புதியதொன்று வரலாம். ஒலிச் சாதனமே இல்லாத கணினியை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட மென்பொருள்கள் உண்டு. அவை சாதனம் இல்லையென்றாலே விழுந்துவிடும். கிராஷ் வேறு இடத்தில், வேறு நேரத்தில் வந்தாலோ, ஈவென்ட் வியூவரில் வேறு கோப்பின் பெயர் வந்தாலோ இதைச் சந்தேகிக்கலாம். அப்போது எல்லாவற்றையும் முடக்காமல், வேறு டிரைவரில் இயங்கும் ஒரு சாதனத்தை மட்டும் விட்டுவைத்துச் சோதிப்பதே வழி.

ஓர் உண்மை நிகழ்வு

ஒலி டிரைவர் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு விண்டோஸ் 11 வந்த புதிதில் நடந்ததே சான்று. இன்டெல் 11ஆம் தலைமுறை கோர் ப்ராசஸர் உள்ள கணினிகளில், இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி டிரைவரின் 10.29.0.5152, 10.30.0.5152 ஆகிய பதிப்புகள் இருந்தால் நீலத்திரை வரக்கூடும் என்று 2021 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்தக் கணினிகளுக்கு விண்டோஸ் 11 போகாமல் தடுத்தும் வைத்தது. 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோதும் அதே பழைய டிரைவர்கள் உள்ள கணினிகளுக்கு அதே தடை தொடர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த டிரைவர் டிவைஸ் மேனேஜரின் ஒலிப் பிரிவில் இல்லை, 'சிஸ்டம் டிவைசஸ்' பிரிவில் இருந்தது. ஒலிப் பிரிவை மட்டும் பார்த்தவர் கண்ணில் அது பட்டிருக்காது. இரண்டாவது, 10.30 என்பது 10.29ஐ விடப் புதியது என்று நினைத்தால் தவறு. கடைசி எண்தான் கணக்கு. இரண்டு வரிசையிலும் 5714 அல்லது அதற்கு மேற்பட்ட கடைசி எண் உள்ளதே திருத்தப்பட்ட பதிப்பு.

கண்டுபிடித்த பிறகு

டிரைவர்தான் காரணம் என்று உறுதியானால், லேப்டாப்புக்கு அதன் தயாரிப்பாளர் தளத்திலும், மேசைக் கணினிக்கு மதர்போர்டு தயாரிப்பாளர் தளத்திலும் அந்த மாடலுக்கே உரிய புதிய பதிப்பைத் தேட வேண்டும். புதுப்பித்த பிறகே கோளாறு தொடங்கியிருந்தால், சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்திலுள்ள 'ரோல் பேக் டிரைவர்' பழைய பதிப்புக்குத் திருப்பிவிடும். இரண்டும் பலிக்காவிட்டால் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரிலேயே இருந்துவிடலாம். சில கூடுதல் வசதிகள் போகும், ஒலி இருக்கும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நாடாமல் இருப்பதே பாதுகாப்பு.

திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றோரின் கணினியில் இந்தச் சோதனையைச் செய்யும்போது தனிக் கவனம் வேண்டும். என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பானில் தமிழ்க் குரலிலோ ஆங்கிலக் குரலிலோ கேட்டு வேலை செய்பவருக்கு, எல்லா ஒலியையும் முடக்குவது திரையையே அணைப்பதற்குச் சமம். அதன் பிறகு திரும்ப இயக்கும் பொத்தானைக்கூட அவரால் தேட முடியாது. முதலில் யு.எஸ்.பி. ஹெட்செட்டைச் செருகி, திரைவாசிப்பானின் வெளியீட்டை அதற்கு மாற்றி, அதில் குரல் வருகிறது என்று உறுதிசெய்த பின்னரே உள்ளமைந்த சிப்பை மட்டும் முடக்க வேண்டும். அவரைக் கேட்காமல் வேறொருவர் இதைச் செய்யவே கூடாது.

லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸில் கெர்னலுக்குள் அல்சா, அதன் மேல் பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர் என்று ஒலி இரண்டு அடுக்காக ஓடுகிறது. ஃபெடோரா 2021இல் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10 பதிப்பிலும் பைப்வயருக்கு மாறின. பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் கருவியின் கடைசிப் பக்கத்தில் சவுண்ட் கார்டின் ப்ரொஃபைலை 'ஆஃப்' ஆக்கினால் மேலடுக்கு விலகும். கார்டின் கெர்னல் மாட்யூலை ஏற்றாமல் தடுத்தால் கீழடுக்கும் விலகும். எஸ்.டி.எல். நூலகத்தில் எழுதப்பட்ட விளையாட்டுகளை 'டம்மி' ஒலி டிரைவரோடு தொடங்கினால், சாதனம் இருப்பதாக நம்பி ஒலியின்றி ஓடும்.

மேக்கில் டிவைஸ் மேனேஜர் போன்ற கருவி இல்லை. ஒலி வெளியீட்டை வேறு சாதனத்துக்கு மாற்றுவது, ஆடியோ மிடி செட்டப்பில் ஹெர்ட்ஸை இறக்குவது, பிற நிறுவனங்கள் நிறுவிய ஒலிச் செருகுநிரல்களை நீக்கிப் பார்ப்பது ஆகியவையே வழிகள். கன்சோல் கருவியில் உள்ள கிராஷ் அறிக்கை எந்தப் பகுதி விழுந்தது என்று காட்டும்.

எந்த இயங்குதளமானாலும், முடக்கியவற்றின் பெயரையும் பயாஸில் மாற்றிய வரியையும் ஒரு தாளில் எழுதிவைத்து, சோதனை முடிந்ததும் ஒவ்வொன்றாக மறுபடி இயக்கிவிட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் கீழ்நோக்கிய அம்புக்குறி எதுவும் மிச்சமில்லை, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, மைக் குரலைப் பிடிக்கிறது என்று மூன்றையும் பார்த்துவிட்டால் சோதனை முழுமையாக முடிந்தது.